பண்டாரவளையில் துவைத்துவிடுங்கள், டீச்சர்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மட்டக்களப்பில் ஓர் ஆசிரியை. ஓகஸ்ட் கடைசியில் நானும் கணவரும் பத்து வயது மகளும் மாமியும் மலைநாட்டுக்கு வரப்போகிறோம். பஸ்ஸில் பதுளைக்கு வந்து பண்டாரவளையில் தங்கி, அப்புத்தளையைப் பார்த்துவிட்டு, ரயிலில் நானுஓயா வந்து நுவரெலியாவில் இரண்டு இரவு நிற்போம். பிறகு ஹட்டனில் என் தோழியின் தங்கைக்குக் கல்யாணம். அது முடிய கண்டி போய்த் தலதா மாளிகாவை என்கிற புத்தர் கோயிலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது. எல்லாமாக ஏழு நாள்.

போன பயணத்தில் இரண்டு பெரிய சூட்கேஸ்களை இழுத்துத் திரிந்ததில் கணவருக்கும் எனக்கும் நாலு நாள் பேச்சே இல்லை. இந்த முறை ஆளுக்கு ஒரு பைதான் என்று அவர் சொல்லிவிட்டார். குளிர் உடுப்பு எங்களிடம் இல்லை. கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய தடித்த ஜக்கெட் இரண்டு கிடக்கிறது. அதை வைத்தாலே பை நிறைந்துவிடுகிறது. கல்யாணச் சேலை வேறு. உடுப்பைக் குறைத்தால் எல்லாப் படத்திலும் ஒரே உடுப்போடு நிற்பதுபோல் இருக்குமே என்றும் மனம் அடிக்கிறது. நான் எழுதிய பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். எதை எடுப்பது, எதை விடுவது? புதிதாக எதையாவது தைக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

பட்டியலைப் பார்த்தேன். உங்களுக்கு மட்டும் சல்வார் ஏழு, சேலை மூன்று, இரவு உடுப்பு நான்கு. ஏழு நாளுக்கு ஏழு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வகுப்பறையில் அது சரியான விடை. மலையேறும்போது வேறு கணக்கு வேண்டும். இங்கே பையின் பாரத்தைத் தீர்மானிப்பது, துவைத்த உடுப்பு எங்கே உலரும், எங்கே உலராது என்பதுதான். அது தெரிந்தால் பாதிப் பட்டியல் தானாகவே விழுந்துவிடும்.

நீங்கள் வரும் காலத்தில் இந்த மலைக்கு இரண்டு முகம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து மேற்குச் சரிவில் கொட்டுகிறது. வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா எல்லாம் அந்தப் பக்கம். கொட்டி முடித்த காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. உங்கள் ஊரில் ஓகஸ்டில் முகத்தைச் சுடுகிற அந்தக் கச்சான் காற்றுத்தான் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வீசுகிறது. உயரத்தில் இருப்பதால் அங்கே சூடு குறைவு, வறட்சி மட்டும் அப்படியே இருக்கும். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவதே அந்தக் காற்றில்தான். ரயிலில் வரும்போது கவனியுங்கள்: ஒஹியவைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கும், பட்டிப்பொலப் பக்கம் வெளியே வந்தால் தூறல் விழுந்துகொண்டிருக்கும். எல்லா நாளும் அப்படி என்று சொல்ல மாட்டேன், பல நாட்களில் அப்படித்தான்.

இதற்கும் உடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், உங்கள் பயணத்தில் துணி துவைக்கக்கூடிய ஒரே இடம் பண்டாரவளை. முதல் நாள் பஸ்ஸில் செங்கலடி, மகா ஓயா, பிபிலை என்று தூசியும் வியர்வையுமாக வந்து இறங்குவீர்கள். அன்றிரவே அந்த உடுப்பைத் துவைத்துக் கொடியில் போட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் அப்புத்தளையைச் சுற்றிவிட்டு வந்து அன்றைய உடுப்பையும் அலசிவிடுங்கள். மூன்றாம் நாள் ரயில் ஏறும்போது பையில் உள்ள அத்தனையும் சுத்தமாக இருக்கும். அதன்பிறகு நுவரெலியாவிலோ ஹட்டனிலோ துவைக்கலாம் என்று நம்பி ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்க வேண்டாம். அங்கே ஓகஸ்டில் போட்ட துணி மறுநாளும் ஈரமாகத்தான் இருக்கும். தோட்டத்து லயங்களில் அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவார்கள். உலரும், ஆனால் புகை வாசத்தோடு வரும். அந்த வாசத்தோடு கல்யாண வீட்டுக்குள் போக உங்களுக்குப் பிடிக்காது.

அப்படியென்றால் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைக்கும் சேர்த்து உடுப்பு வேண்டுமே என்பீர்கள். வேண்டும்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வேண்டாம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். ஓகஸ்டில் அங்கே பகலில் 20 பாகை எட்டுவதே பெரிய விஷயம், இரவில் 12, 13க்கு இறங்கும். அந்தக் குளிரில் வியர்க்காது. உடம்போடு ஒட்டியிருக்கிற உடுப்பு மட்டுமே அழுக்காகும், மேலே போட்டது புதிதாகவே இருக்கும். ஆகவே உள்ளே போடுவதை நாளுக்கொன்று மாற்றுங்கள், வெளியே போடுவதை இரண்டு தரம் போடுங்கள். மட்டக்களப்பில் செய்ய முடியாத காரியம் இது, இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

இப்போது உங்கள் பை. நான் வைப்பதானால் இப்படி வைப்பேன்.

மேலே போட குர்தா மூன்று. கீழே இரண்டு: நேராக இறங்கும் கருநீலக் காற்சட்டை ஒன்று, தடித்த கருநீல லெகிங்ஸ் ஒன்று. உள்ளே போட மெல்லிய முழுக்கைப் பனியன் மூன்று. முன்பக்கம் பொத்தான் வைத்த ஜேர்சி ஒன்று. காற்றும் தூறலும் புகாத மெல்லிய மழை ஜக்கெட் ஒன்று. பெரிய சால்வை ஒன்று. கல்யாணத்துக்கு ஒரே ஒரு சேலை, அதற்கான ரவிக்கை, உள்பாவாடை. உள்ளாடையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், ஐந்தாறு செட் வைத்தாலும் அது ஒரு குர்தாவின் பாரம்கூட வராது. இவை எல்லாம் சேர்த்து நாலு கிலோவுக்குள் அடங்கிவிடும். இரவு உடுப்பு என்று தனியாக எதுவும் இல்லை. லெகிங்ஸும் ஒரு பனியனும் போதும், நுவரெலியாவில் அதற்கு மேலே ஜேர்சியையும் போட்டுக்கொண்டுதான் படுப்பீர்கள்.

மூன்று குர்தா, இரண்டு கீழ் உடுப்பு. பெருக்கினால் ஆறு சோடி என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். தையற்காரியாக ஒன்று சொல்கிறேன், அந்தப் பெருக்கல் பெரும்பாலான வீடுகளில் பொய்யாகிவிடுகிறது. மூன்றில் ஒரு குர்தா ஒரு காற்சட்டையோடு மட்டும் சேரும், இன்னொன்றின் நீளம் லெகிங்ஸுக்குப் பொருந்தாது, கடைசியில் கிடைப்பது மூன்று சோடிதான். அதனால் பையில் வைக்குமுன் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்புங்கள். ஒவ்வொரு குர்தாவையும் இரண்டு கீழ் உடுப்புக்கும் மேலே வைத்துப் பாருங்கள். பிறகு ஜேர்சியை அதன்மேல் வையுங்கள், அதற்கு மேல் சால்வை. எங்கேயாவது ஓரிடத்தில் கண் உறுத்தினால் அந்த உடுப்பு எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியதாக இருந்தாலும் அலுமாரிக்குத் திரும்பட்டும். ஒன்றோடு மட்டும் சேருகிற உடுப்பு பயணத்துக்கு ஆகாது.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்காலுக்கு நாலு விரல் மேலே முடிகிற குர்தா காற்சட்டைக்கும் சரிவரும், லெகிங்ஸுக்கும் சரிவரும். கணுக்கால் வரை தொங்குகிற அனார்கலி வகையை விட்டுவிடுங்கள். ரயில் பெட்டியின் படியில் ஏறும்போது காலுக்குள் சிக்கும், தோட்டத்துப் பாதையில் நடந்தால் கீழ்க்கரை முழுக்கச் செம்மண். இரண்டு பக்கத் தையலிலும் பை வைத்த குர்தாவாக இருந்தால் இன்னும் நல்லது. உங்களிடம் உள்ளதில் பை இல்லையென்றால் பக்கத் தையலைப் பிரித்து வைத்துத் தைக்க எந்தத் தையற்காரருக்கும் அரை மணி நேரம் போதும். நுவரெலியாக் குளிரில் கையை நுழைக்க ஓர் இடம் இருப்பதன் அருமை அங்கே நின்று பார்த்தால்தான் விளங்கும்.

நிறத்துக்கு வருவோம். அடிநிறமாகக் கருநீலத்தைச் சொன்னேன். கறுப்பில் பஸ் தூசி அப்படியே தெரியும், வெள்ளையில் செம்மண் தெரியும், கருநீலம் இரண்டையும் ஓரளவு மறைத்துவிடும். குர்தாவில் ஒன்று மரூன், ஒன்று கடுகு மஞ்சள், ஒன்று சந்தன வெள்ளை. பச்சை வேண்டாம். தேயிலைக்கு நடுவில் பச்சை உடுத்தி நின்றால் படத்தில் உங்கள் தலை மட்டும் செடிக்கு மேலே மிதக்கும். சந்தன வெள்ளையைப் பையின் அடியில் வைத்துவிட்டுக் கண்டியில் எடுங்கள். தலதா மாளிகாவைக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், வெளிர் நிறத்தில் போவது வழக்கம். பூப்போட்ட துணி ஒன்றே ஒன்று போதும், அது சால்வையாக இருக்கட்டும். கருநீலமும் மரூனும் மஞ்சளும் அந்தப் பூவுக்குள்ளேயே கலந்திருக்கிற மாதிரித் தேடிப் பாருங்கள். அந்த ஒரு சால்வை தோளில் இருந்தால், தனித்தனியாக வாங்கிய உடுப்புகளும் ஒரே கடையில் சேர்த்து எடுத்தவைபோல் தெரியும். எங்கள் தொழிலில் இது பழைய வித்தை.

படத்தில் ஒரே உடுப்பாகத் தெரியும் என்ற கவலைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. படம் பார்க்கிறவர்களின் கண் முகத்துக்கும் தோளுக்கும்தான் போகும், காற்சட்டை முந்தாநாள் போட்டதா என்று யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. மேலே குர்தா மாறும், ஜேர்சி ஒருநாள் இருக்கும் ஒருநாள் இருக்காது, சால்வை ஒருநாள் தலையில், ஒருநாள் கழுத்தில். அப்படியும் ஒருத்தி எண்ணிப் பார்த்து, உடுத்ததையே உடுத்தியிருக்கிறாள் என்று சொன்னால், நீங்கள் ஏழு சல்வார் கொண்டுபோயிருந்தாலும் அவள் வேறொன்று சொல்லியிருப்பாள்.

கனடா ஜக்கெட்டை வீட்டிலேயே விடுங்கள். மச்சாள் மனம் நோகாமல் ஒரு காரணம் சொல்லிக்கொள்ளுங்கள். பனி கொட்டுகிற நாட்டுக்கென்று பஞ்சு அடைத்துத் தைத்தது அது. போட்டால் முழுக்கச் சூடு, கழற்றினால் முழுக்கக் குளிர், நடுவில் ஒன்றும் கிடையாது. நம்முடைய மலையில் ஒரே நாளுக்குள் காலைக் குளிர், பத்து மணி வெயில், இரண்டு மணி மழை, இரவில் மறுபடி குளிர். கொழுந்து பறிக்கப் போகிற எங்கள் பெண்களைப் பாருங்கள். சேலையோ பாவாடையோ, அதற்கு மேலே வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பைச் சுற்றிப் படங்கு. வெயில் ஏறினால் ஒன்று கழன்று கூடைக்குள் போகும், மழை வந்தால் ஒன்று கூடும். பணம் போட்டு வாங்கிய குளிர் உடுப்பு அதில் ஒன்றுகூட இல்லை. மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்குப் போட்டால் அடுக்குகளுக்கு நடுவில் தங்குகிற காற்றே குளிரைத் தடுத்துவிடும். உங்கள் பனியன், குர்தா, ஜேர்சி, அதற்கு மேல் மழை ஜக்கெட் என்ற நாலும் ஒன்றுக்குள் ஒன்று இறங்குமா என்று ஊரிலேயே போட்டுப் பாருங்கள். ஜக்கெட்டை ஓரளவு தாராளமாக எடுங்கள், ஜேர்சி போட்ட கை அதற்குள் நுழைய வேண்டும். அப்படியும் குளிர்ந்தால் நுவரெலியா நகரில் பேல் பஜார் என்று சொல்கிற கடைவரிசை இருக்கிறது. ஏற்றுமதியில் மிஞ்சிய கம்பளிச் சட்டையும் ஜக்கெட்டும் அங்கே மலிவாக எடுக்கலாம், பேரம் பேசுங்கள்.

ஜேர்சிக்கு ஏன் முன்பக்கம் பொத்தான் என்று கேட்பீர்கள். நெரிசலான ரயிலில் தலைவழியாகக் கழற்றுகிற ஜேர்சியை இழுத்தால் பக்கத்தில் இருப்பவரின் மூக்கில் முழங்கை படும், கொண்டையும் கலையும். இன்னொரு காரணம் முக்கியம்: பொத்தான் ஜேர்சியைச் சேலைக்கு மேலும் போடலாம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அலுவலகம் போகிற பெண்கள் சேலைக்கு மேலே ஜேர்சி போட்டுத்தான் போகிறார்கள், கல்யாண வீட்டிலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பஞ்சு நூல் ஜேர்சியைவிடக் கம்பளி கலந்தது நல்லது. கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூடு தரும், பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுங்க வைக்கும்.

பாரமான உடுப்பைப் பயணத்தின்போது உடம்பிலேயே போட்டுக்கொள்ளுங்கள், பையில் இடம் மிச்சம் என்றும் ஒரு யோசனை சொல்வார்கள். குளிர் ஊரிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு அது சரி. கச்சான் காலத்தில் மட்டக்களப்பு பஸ் தரிப்பிடத்தில் ஜேர்சியோடு நின்றால் பஸ் வருவதற்குள் மயங்கிவிடுவீர்கள். உங்களுக்குச் சப்பாத்து மட்டும் காலில் இருக்கட்டும். ஜேர்சியையும் சால்வையையும் பையின் ஆக மேலே வையுங்கள், அப்புத்தளை தாண்டும்போதே கை தேடும்.

துணியைத் தெரிவுசெய்ய வீட்டில் ஒரு சோதனை. எடுக்க நினைக்கிற குர்தாக்களை இரவில் நனைத்துப் பிழிந்து, வெளியே போடாமல், குளியலறைக்குள் யன்னலைப் பூட்டிவிட்டுத் தொங்கவிடுங்கள். உங்கள் ஊர் முற்றத்தில் எல்லாமே உலர்ந்துவிடும், அதனால் ஒன்றும் தெரியவராது. காலையில் எது காய்ந்திருக்கிறதோ அது பயணத்துக்கு, ஈரமாக இருப்பது வீட்டுக்கு. பெரும்பாலும் பொலியெஸ்டர் கலந்த துணி தேறும், சுத்தப் பருத்தி தோற்கும். பிறகு கீழ்க்கரையைக் கைக்குள் கசக்கிச் சற்று நேரம் பிடித்துவிட்டு விடுங்கள். சுருக்கம் விழுந்து அப்படியே நின்றால் அதற்கு இஸ்திரிப்பெட்டி தேடித் திரிய வேண்டியிருக்கும். பண்டாரவளையில் துவைத்ததைக் கொடியில் போடுமுன் உலர்ந்த துவாய் ஒன்றை விரித்து, அதன்மேல் உடுப்பை வைத்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முழங்காலால் அழுத்துங்கள். கையால் பிழிந்தால் போகாத ஈரமெல்லாம் துவாய்க்குப் போய்விடும்.

மாமியின் பக்கம் வருகிறேன். அவருடைய பட்டியலில் கைத்தறிச் சேலை நான்கு இருக்கிறது. மருதமுனைக் கைத்தறியைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் பக்கத்து வெயிலுக்கு அதைவிடச் சுகமான துணி இல்லை. ஆனால் பாரம், நனைந்தால் இன்னும் பாரம், ஹட்டன் ஈரத்தில் உலரவும் மாட்டாது. வயதானவரிடம் இதை விடுங்கள் அதை விடுங்கள் என்று சொன்னால் பயணமே வேண்டாம் என்று இருந்துவிடுவார். கைத்தறியில் ஒன்றை அவரே எடுக்கட்டும், பஸ்ஸில் வர அதை உடுத்திக்கொள்ளட்டும். மீதிக்கு ஜோர்ஜெட் இரண்டு, கல்யாணத்துக்கு ஒன்று. ஜோர்ஜெட் சுருட்டினால் கைப்பிடிக்குள் அடங்கும். அவருக்கு உண்மையில் தேவைப்படுவது சேலைக்குள்ளே போட ஒரு லெகிங்ஸும் முழுக்கை ரவிக்கையும். சேலைக்குக் கீழே குளிர் ஏறுவது வயதானவர்களுக்குத்தான் முதலில் தெரியும். லெகிங்ஸ் போட மாட்டேன் என்று அடம்பிடித்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நுவரெலியாவில் முதல் இரவுக்குப் பிறகு அவரே கேட்பார், உங்களுடையதைக் கொடுக்கலாம்.

மகளுக்குக் கணக்குத் தலைகீழ். பிள்ளைகளுக்கு மேல் சட்டையைவிடக் கீழ் உடுப்புத்தான் சீக்கிரம் அழுக்காகும், முழங்காலும் உட்காருகிற இடமும் சேறாகிவிடும். மேலே மூன்று வைத்தால் கீழே நாலு வையுங்கள். ஈரத் தேயிலைக்குள் இறங்கினால் அட்டை ஏறும். காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் விளிம்பில் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்துவிடுங்கள். கடித்தால் பிள்ளை கத்துவதற்கு முன் நீங்கள் கத்தாதீர்கள், அது போதும்.

காலுறை என்றதும் நினைவு வருகிறது: ஆளுக்கு ஒரு சோடி படுக்கைக்கென்றே இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு வாசல்படிகூடத் தாண்டக் கூடாது. மற்ற எல்லாம் நனைந்தாலும் இரவில் கால் உலர்வாக இருந்தால் தூக்கம் வரும்.

கணவருக்கு அதிகம் எழுதப்போவதில்லை. டெனிம் வேண்டாம். ஒரு காற்சட்டை மட்டுமே முக்கால் கிலோவுக்குக் கிட்ட வரும், நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது. சாதாரண காற்சட்டை இரண்டு, சேர்ட் நாலு, ஜேர்சி ஒன்று, ஒரு சாரம். அதில் ஒரு சேர்ட் கல்யாணத்துக்கும் பொருந்தட்டும்.

கல்யாணச் சேலை. கனமான காஞ்சிபுரத்தை எழுதியிருக்கிறீர்கள், கல்யாணம் உங்களுடையது இல்லையே டீச்சர்! ஓகஸ்டில் ஹட்டனில் மண்டப வாசலில் காரோ ஓட்டோவோ நிற்கிற இடத்திலிருந்து உள்ளே போவதற்குள் கரை நனைந்துவிடும். ஜரிகை குறைந்த மென்பட்டு ஒன்று எடுங்கள், மரூன் சாயலில் இருந்தால் மற்ற உடுப்புகளோடும் சேரும். ரவிக்கையைக் கருநீலத்தில், முழங்கை வரை கையோடு தையுங்கள். அப்போது அதே ஜேர்சி, அதே சால்வை சேலைக்கும் பொருந்திவிடும், கல்யாணத்துக்கென்று தனிக் குளிர் உடுப்பு வேண்டாம். சேலையைக் கூர்மையாக மடித்து அழுத்தினால் ஜரிகை ஒடியும். பழைய மெல்லிய வேட்டித் துண்டில் வைத்து, உள்ளே ஒரு துவாயைக் கொடுத்து உருளையாகச் சுருட்டிப் பையின் நடுவில் வையுங்கள். கல்யாணத்துக்கென்று செருப்புத் தனியாக வேண்டாம். காலில் ஒரு சப்பாத்து, பையில் சட்டென்று கழற்றக்கூடிய ஒரு செருப்பு. கோயிலுக்கும் குளியலறைக்கும் சேலைக்கும் அதுவே. சேலைக்கு அடியில் என்ன செருப்பு என்று அன்று மழையில் யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை.

பை முப்பது, முப்பத்தைந்து லீற்றர் அளவில், முதுகில் போடுவதாக இருக்கட்டும். மலைநாட்டுச் சின்ன ஸ்டேஷன்கள் சிலவற்றில் மேடை தாழ்ந்தும் பெட்டியின் படி உயர்ந்தும் இருக்கும். ரயில் நிற்பதோ கொஞ்ச நேரம். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு மகளையும் மாமியையும் ஏற்றுவதற்கு இரண்டு கை போதாது. பைக்கு வெளியே போடுகிற மழையுறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கத்தால் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளே ஒரு தடித்த பொலித்தீன் உறையை விரித்து, அதற்குள் உடுப்பை வைத்து வாயைச் சுருட்டிவிடுங்கள். குடை ஹட்டனுக்கு உதவும். அப்புத்தளைக் காற்றில் விரித்தால் கம்பி மட்டும் கையில் மிஞ்சும். மழைக்காலத்தில் மண் சரிந்து ரயில் பாதை மூடப்படுவது இங்கே புதிதில்லை, அதனால் புறப்படுவதற்கு முதல் நாள் ஸ்டேஷனுக்குப் பேசி ரயில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடாவிட்டால் பஸ்ஸில்தான் வர வேண்டும். பஸ்ஸில் பை உங்கள் மடியில்தான்.

பட்டியலின் கடைசி வரியையும் பார்த்தேன்: தோழி வீட்டுக்குத் தயிர்ச் சட்டி நான்கு, கஜு, கருவாடு. உடுப்பில் நாலு கிலோ குறைத்துக் கொடுத்தால் அந்த இடத்தில் தயிரை ஏற்றிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏழு நாள் பயணத்தில் ஐந்தாம் நாள்தான் ஹட்டன் வருகிறீர்கள். அதற்குள் அந்தத் தயிர் என்னாகும் என்று யோசியுங்கள். கஜுவைக் கொண்டுவாருங்கள். கருவாடு வருவதானால் கணவருடைய பைக்குள் வரட்டும், பட்டுச் சேலை உள்ள பைக்குள் வேண்டாம். மடித்து வைக்கக்கூடிய துணிப்பை ஒன்றைத் தனியே செருகிக்கொள்ளுங்கள், திரும்பும்போது நுவரெலியா லீக்ஸும் கரட்டும் தேயிலைத்தூளும் வாங்காமல் நீங்கள் போகப்போவதில்லை.

புதிதாகத் தைக்க வேண்டியது இரண்டுதான்: அந்தக் கருநீல ரவிக்கை, ஒரு காற்சட்டை. காற்சட்டையின் இடுப்பில் பின்பக்கம் மட்டும் இலாஸ்டிக் வைக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் தட்டையாக இருந்தால் குர்தாவுக்குள் புடைக்காது, உள்ளே லெகிங்ஸ் போட்டாலும் இறுக்காது. கரையில் ஓர் அங்குலம் கூடுதலாக மடித்து வைக்கச் சொல்லுங்கள், துவைத்துச் சுருங்கினால் இறக்கிக்கொள்ளலாம். துணியை ஆடி பிறந்த கையோடு கொடுத்துவிடுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லாததால் தையற்கடைகள் ஓய்வாக இருக்கும், அளவு பார்த்துப் போட்டுக்காட்டித் திருத்த நேரம் கிடைக்கும். ஆவணி முகூர்த்தங்களுக்கு ரவிக்கைகள் குவியத் தொடங்கிவிட்டால், நாளைக்கு வாங்க என்று சொல்லியே உங்களை ரயில் ஏற்றிவிடுவார்கள்.